“என்ன பெரிய வித்தியாசம்?” என்று கேட்ட ஃபேஷன் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ஃபேஷன், மீடியா படிப்புகள் நடத்தும் தனியார் கல்லூரிகளின் தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும்,

என் அக்கா மகள் உங்களில் ஒருவருடைய கல்லூரியில் ‘ஃபேஷன் மார்க்கெட்டிங் அண்டு கம்யூனிகேஷன்’ என்ற பிரிவில் சேர்ந்து படித்துவந்தாள். இரண்டாம் வருடக் கட்டணத்தைக் கட்டி முடித்த பிறகு, அந்தப் பிரிவுக்கு ஆள் போதவில்லை, எல்லோரையும் காஸ்ட்யூம் டிசைன் வகுப்போடு சேர்த்துவிட்டோம் என்று வகுப்பில் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். சுற்றறிக்கை கிடையாது. பெற்றோருக்கு ஒரு கடிதம் கிடையாது. விவரம் கேட்கப் போன என் அக்காவுக்கும் மச்சானுக்கும் அலுவலகத்தில் கிடைத்த பதில்: “ரெண்டும் ஃபேஷன்தானுங்களே, என்ன பெரிய வித்தியாசம்?”

கல்லூரியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் மற்றவர்கள் ‘அது அந்தக் காலேஜ் விஷயம்’ என்று ஒதுங்கிக்கொள்வீர்கள். நான் திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டர் வாங்குவதிலிருந்து சரக்கு கப்பலேறும் வரை பார்த்துக்கொள்கிற ஆள். உங்கள் கல்லூரிகள் பலவற்றிலிருந்தும் வேலை கேட்டு வரும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவது என் வேலையில் ஒரு பகுதி. அந்தப் பிள்ளைகள் சொன்னதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். கட்டணம் கட்டும் குடும்பத்தின் பக்கமும் நான் இருக்கிறேன், படித்து முடித்தவர்களை வேலைக்கு எடுக்கும் பக்கமும் இருக்கிறேன். அதனால் அந்த அலுவலகத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்குக் கொஞ்சம் உண்டு என்று நினைக்கிறேன்.

வித்தியாசம் இருக்கிறது. காஸ்ட்யூம் டிசைன் படிப்பவர்கள் பேட்டர்ன் போடுகிறார்கள், துணியை வெட்டித் தைக்கிறார்கள், நூல் வகையும் சாயமும் படிக்கிறார்கள். நல்ல படிப்பு. எங்கள் ஊர் சாம்பிள் செக்‌ஷன்கள் அவர்களை நம்பித்தான் ஓடுகின்றன. மார்க்கெட்டிங் படிப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. இந்தச் சட்டையை யார் வாங்குவார், என்ன விலைக்கு வாங்குவார், எந்தக் கடையில் தேடுவார், அவரிடம் எந்த வார்த்தையில் பேச வேண்டும் என்பது அது. ஒருவர் செய்த வேலை விற்காமல் கிடந்தால் மற்றவரைக் கூப்பிடுகிறோம். இருவரும் ஒருவரே என்றால் எங்கள் நிறுவனங்கள் ஏன் இரண்டு சம்பளம் கொடுக்கின்றன?

இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் திருப்பூரிலிருந்துதான் போகிறது. ஆனால் காலரில் தைக்கிற லேபிள் பெரும்பாலும் நம்முடையது இல்லை, ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு நிறுவனத்துடையது, நாங்கள் ‘பையர்’ என்று சொல்பவருடையது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது அதன் பொருள் எல்லோருக்கும் உறைத்தது. ஆர்டர் கொடுப்பவர் கையை எடுத்தால் நம் கையில் மிஷின் மட்டும்தான் மிஞ்சும். சொந்தப் பெயரில் உள்நாட்டில் விற்க வேண்டும் என்று அன்றைக்குப் பேசாத முதலாளி இல்லை. விற்பதற்கு ஆள் வேண்டுமே. துணியைப் பற்றித் தெரிந்து, எழுதவும் தெரிந்த ஆள்.

அப்படிச் செய்துகாட்டிய உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. 1983இல் திருப்பூரில் தொடங்கிய ராம்ராஜ் காட்டன் விற்றது வேட்டியைத்தான். வேட்டி புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. அதைக் கட்டினால் சல்யூட் அடிப்பார்கள் என்று விளம்பரத்தில் காட்டிய விதம்தான் புதிது. பேண்ட்டுக்கு மாறிவிட்ட ஆண்களைத் திரும்ப வேட்டி பக்கம் பார்க்க வைத்ததில் நெசவுக்கு எவ்வளவு பங்கோ, அதைச் சொன்ன விதத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு. உங்கள் வகுப்புகளில் இதைப் பாடமாக எடுக்கிறீர்களா? என் அக்கா மகள் படித்த ஒரு வருடத்தில் உள்ளூர் பிராண்டு ஒன்றைப் பற்றிக்கூட யாரும் பேசவில்லையாம். பாரிஸ் ஃபேஷன் வீக் பற்றி பி.பி.டி. போட்டார்களாம்.

எழுத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் விளம்பரங்களில் ‘கன்டென்ட் ரைட்டிங்’, ‘பிராண்ட் ஸ்டோரி’ என்று கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். அந்த வேலை நிஜத்தில் எப்படி இருக்கும் என்று ஒரு சின்ன உதாரணம் தருகிறேன். குழந்தைகள் டி-ஷர்ட்டில் தொங்கும் அட்டையில், அதாவது ஹேங்டேகில், ‘ஆர்கானிக் பருத்தி’ என்று எழுத வேண்டும். ஆர்கானிக் துணிகளுக்கான சர்வதேசச் சான்றான ஜி.ஓ.டி.எஸ். தரச் சான்றின்படி, குறைந்தது 95 சதவீதம் ஆர்கானிக் இழை இருந்தால் ஒரு வாசகம் போடலாம். 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வேறு வாசகம். அதற்கும் கீழே என்றால் அந்தச் சான்றின் பெயரையே போட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டு உத்தரவு ஒன்று 2026 செப்டம்பர் 27 முதல் நடைமுறைக்கு வருகிறது. அதன்பின் தக்க ஆதாரம் இல்லாமல் ‘ஈகோ ஃப்ரெண்ட்லி’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அங்கே அது சட்டப்படி தவறு. ஆக ஒரு வரி எழுதுபவருக்கு இழை தெரிய வேண்டும், சான்று தெரிய வேண்டும், சட்டம் தெரிய வேண்டும், அப்புறம் வாங்குபவர் நின்று படிக்கிற மாதிரி எழுதவும் தெரிய வேண்டும்.

அதே போல இன்னொன்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்டுப்போன கதையை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதன்பின் கழிவுநீரை ஒரு சொட்டு வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு மாறினால்தான் பட்டறையைத் திறக்க முடியும் என்ற நிலை வந்தது. கோடிக்கணக்கில் செலவு செய்து மாறினார்கள். வெளிநாட்டு பையர் கேட்கத் துடிக்கிற கதை இது. அதில் பெருமை இருக்கிறது, அவமானமும் இருக்கிறது. இரண்டையும் மறைக்காமல் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்க ஆள் தேடினால் கிடைப்பதில்லை. உங்கள் கல்லூரிகள் ஆற்றங்கரையிலேயேதான் இருக்கின்றன.

ஃபேஷன் கம்யூனிகேஷன் சான்றிதழோடு வந்த ஒரு பெண்ணிடம் ஒரு டி-ஷர்ட்டைக் கையில் கொடுத்து நான்கு வரி எழுதச் சொன்னேன். ‘ஸ்டைலிஷ்’, ‘டிரெண்டி’, ‘பிரீமியம்’, ‘கம்ஃபர்ட்டபிள்’ என்று எழுதிக் கொடுத்தாள். எந்தச் சட்டைக்கும் பொருந்தும். படித்த காலத்தில் நீ எழுதியதை யாராவது திருத்திக் கொடுத்தார்களா என்று கேட்டேன். “அசைன்மென்ட்டுக்கு மார்க் போடுவாங்க சார்” என்றாள். தப்பு அவளுடையது இல்லை. எங்கள் அலுவலகத்தில் இப்போது ஆன்லைன் கேட்லாகுக்கு எழுதுகிற பெண் தாராபுரம் பக்கம் பி.காம். படித்தவர். ஃபேஷன் படிப்பின் வாசலை மிதித்ததில்லை. நூலகத்தில் கிடந்து படித்தவர், எழுதியதைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்ப எழுதக் கூச்சப்படாதவர். எழுத்து வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைக்கு, நல்ல நூலகமும் சிவப்பு மையில் திருத்தித் தரும் ஓர் ஆசிரியரும் இருக்கிற சாதாரணக் கலைக் கல்லூரி போதும் என்பது என் கருத்து. தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டில் முதுநிலை ஃபேஷன் மேனேஜ்மென்ட் படிக்க எந்தப் பட்டம் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். சென்னையில் இருக்கிற ஆசியன் இதழியல் கல்லூரியும் எந்தப் பட்டதாரியையும் எடுத்துக்கொள்கிறது. அங்கே தருவது முதுநிலை டிப்ளமோ என்பதை அவர்கள் வெளிப்படையாகவே சொல்கிறார்கள். ஃபேஷன் என்ற பெயர் இல்லாத இளநிலைப் படிப்பிலிருந்தும் இந்த வழிகளுக்கெல்லாம் போகலாம் என்று உங்கள் அட்மிஷன் கவுன்சிலர்கள் ஒரு பெற்றோரிடமாவது சொல்லியிருப்பார்களா? சொன்னால் உங்கள் சீட் நிரம்பாது. அது எனக்கும் தெரியும்.

அக்கா மகள் உங்களிடம் வந்து சேர்ந்த கதையையும் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றின் கதை இதுதான். அவளுக்குத் துணி பிடிக்கும், எழுதவும் பிடிக்கும். தரமணியில் இருக்கும் நிஃப்ட் பற்றி அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் வருவது, 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி தானே பட்டம் கொடுக்கும் அதிகாரம் உள்ளது, 1995 முதல் சென்னையில் நடக்கிறது. ஃபேஷன் கம்யூனிகேஷன் என்று அவள் தேடிய படிப்பே அங்கே உண்டு. ஆனால் அதன் நுழைவுத் தேர்வு பிப்ரவரியில் நடந்து முடிந்துவிடுகிறது. நம் வீடுகளில் கல்லூரியைப் பற்றிப் பேச்சு எடுப்பதே மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு. அதற்குள் அந்தக் கதவு சாத்தியாகிவிட்டது. பள்ளியிலும் இன்ஜினியரிங், மெடிக்கல் தவிர வேறு எதற்கும் யாரும் தேதி சொல்லித் தரவில்லை.

அந்த இடைவெளியில்தான் நீங்கள் வருகிறீர்கள். ரிசல்ட் வந்த அன்று மாலையே அக்காவின் போன் அடித்தது. பிள்ளையின் பெயரும் நம்பரும் உங்களுக்கு எப்படிக் கிடைத்தன என்பதை இன்னொரு நாள் பேசலாம். நூறு சதவீத பிளேஸ்மென்ட் என்றார்கள். மும்பையில், பெங்களூரில் வேலை என்றார்கள். ‘ஸ்பெஷலைசேஷன் ஃபீஸ்’ என்று தனியாக ஒரு தொகை கேட்டார்கள். கட்டினோம்.

முதல் செமஸ்டர் ஹால் டிக்கெட் வந்தபோது அதில் மார்க்கெட்டிங் என்ற சொல்லே இல்லை, பி.எஸ்சி. காஸ்ட்யூம் டிசைன் அண்டு ஃபேஷன் என்றுதான் இருந்தது. கேட்டதற்கு, அது யுனிவர்சிட்டி ஃபார்மாலிட்டி, உள்ளே நடத்துவது மார்க்கெட்டிங்தான் என்றார்கள். உள்ளே நடந்தது என்ன என்று அவளே சொன்னாள்: “மாமா, மார்க்கெட்டிங் எடுக்க மிஸ்ஸே இல்லீங்க. கம்ப்யூட்டர் லேப்ல உக்கார வெச்சு யூடியூப் போட்டு விடறாங்க.” பல்கலைக்கழகம் அந்தப் பெயரில் ஒரு படிப்புக்கு அனுமதி கொடுக்கவே இல்லை. விளம்பரத்தில் இருந்தது கல்லூரி தானாகச் சூட்டிக்கொண்ட பெயர். இப்போது அந்தப் பெயரையும் எடுத்துவிட்டார்கள். தனியாக வாங்கிய பணத்தைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை.

டி.சி. கேட்டுப் போனால், மூன்றாம் வருடக் கட்டணத்தையும் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். சேரும்போது வாங்கிய பிளஸ் டூ ஒரிஜினல் மார்க் ஷீட்டும் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை, ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்கிறது. படிக்கப் போகிற செமஸ்டருக்கோ வருடத்துக்கோ மட்டும்தான் முன்கூட்டிக் கட்டணம் வாங்கலாம் என்கிறது. 2023இல் வந்த மாணவர் குறைதீர் விதிகள், சேர்க்கை தொடங்க 60 நாளுக்கு முன்பே என்னென்ன படிப்பு, எத்தனை இடம், எவ்வளவு கட்டணம், பாடம் நடத்துபவர் யார், அவருடைய தகுதி என்ன என்பதையெல்லாம் வெளியிடச் சொல்கின்றன. இந்த விதிகள் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். விலகும் மாணவருக்குப் பணம் திருப்பித் தருவதற்கும் 2018 அறிவிக்கையில் கணக்கு இருக்கிறது. ஆனால் சேர்க்கையின் கடைசி நாளிலிருந்து ஒரு மாதம் தாண்டினால் ஒன்றும் கிடையாது. ஒரு வருடம் கழித்துப் படிப்பையே மாற்றினால் என்ன செய்வது என்று அதை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. அந்த ஓட்டைக்குள்தான் நீங்கள் நிற்கிறீர்கள்.

வேறு சில இடங்களில் இதைவிட மோசம். எங்கோ வடமாநிலத்துத் தனியார் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை இங்கே ஒரு மாடிக் கட்டடத்தில் ‘ஸ்டடி சென்டர்’ வைத்துக் கொடுக்கிறார்கள். தனியார் பல்கலைக்கழகம் இப்படிக் கிளைக் கடை திறக்கவோ வெளிக் கல்லூரிகளை இணைத்துக்கொள்ளவோ முடியாது என்று மானியக் குழு பலமுறை சொல்லிவிட்டது. முறையான இணைப்போடு நடத்தும் நீங்கள் இவர்களைக் கண்டித்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

பிளேஸ்மென்ட் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். நூறு சதவீதம் எப்படி வருகிறது என்பது எங்கள் பனியன் கம்பெனி வாசலில் நின்றாலே தெரியும். கடைசி செமஸ்டரில் ஒரு வேனில் பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்குகிறீர்கள். மார்க்கெட்டிங் படித்ததாகச் சொல்லும் பிள்ளை தைத்த துணியில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங் டேபிளில் டிரெய்னியாக நிற்கிறது. பாதிப் பேர் சில மாதங்களில் போய்விடுகிறார்கள். அடுத்த வருட பிராஸ்பெக்டஸில் அவர்கள் போட்டோவுக்குக் கீழே எங்கள் நிறுவனங்களின் பெயர் இருக்கிறது. செக்கிங் வேலை கேவலம் இல்லை. அந்த வேலைக்கு அவ்வளவு பணமும் அத்தனை வருடமும் வேண்டியதில்லை, அதுதான் என் ஆத்திரம்.

ஒரு டி-ஷர்ட்டைக் கப்பலில் ஏற்ற வேண்டும் என்றால், இழை எத்தனை சதவீதம், எந்த நாட்டில் தைத்தது, எப்படித் துவைப்பது என்று லேபிள் தைத்தாக வேண்டும். லேபிளில் ஒன்றும் துணியில் ஒன்றுமாக இருந்தால் பையர் மொத்த ஷிப்மென்ட்டையும் ரிஜெக்ட் பண்ணிவிடுவார். ஒரு குடும்பத்தின் சேமிப்பை வாங்கிக்கொண்டு விற்கிற படிப்புக்கு அந்த அளவு ஒழுங்குகூடக் கேட்கக் கூடாதா?

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குப் புரியாமல் இல்லை. பத்துப் பன்னிரண்டு பேருக்காக ஒரு வகுப்பு நடத்தினால் கட்டுப்படியாகாது. மார்க்கெட்டிங் அனுபவமும் கல்லூரியில் பாடம் நடத்தத் தேவையான தகுதியும் சேர்ந்த ஆள் கிடைப்பது கஷ்டம். உண்மைதான். ஆனால் ஆள் சேராவிட்டால் பிரிவு நடக்காது என்பதைப் பணம் வாங்குவதற்கு முன்னால் சொல்லலாமே? ஆசிரியருக்கும் வழி இருக்கிறது. துறையில் 15 வருட அனுபவம் உள்ளவர்களை, பிஎச்.டி. இல்லாவிட்டாலும், ‘புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்’ என்று வைத்துக்கொள்ளலாம் என மானியக் குழு 2022இலேயே வழி செய்துவிட்டது. திருப்பூரில் பையரோடு வருடக்கணக்காக மல்லுக்கட்டிய மெர்ச்சண்டைசர்கள் இருக்கிறார்கள். கேட்லாக் போட்டோ எடுப்பவர்கள் இருக்கிறார்கள். கோவையில் விளம்பர நிறுவனங்களில் ஊறிய எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். கூப்பிட்டால் சனிக்கிழமை வந்து வகுப்பு எடுப்பவர்கள் என் நண்பர்களிலேயே உண்டு. இதுவரை நீங்கள் எங்களைக் கூப்பிட்டதெல்லாம் ஃபேஷன் ஷோவில் குத்துவிளக்கு ஏற்றத்தான்.

சரி, நான் கேட்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் அக்கா மகளின் வகுப்புக்கு. அந்தப் பிரிவை நிறுத்தியதை எழுத்தில் கொடுங்கள், காரணத்தோடு, கல்லூரி முத்திரையோடு. தொடர்ந்து படிக்க விரும்பும் மாணவர்களுக்கு மார்க்கெட்டிங், எழுத்து வகுப்புகளை நடத்துங்கள். நடத்த முடியாவிட்டால் ஸ்பெஷலைசேஷன் கட்டணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுங்கள். போக விரும்புபவர்களுக்கு டி.சி.யையும் ஒரிஜினல் மார்க் ஷீட்டையும், மூன்றாம் வருடக் கட்டணம் என்ற நிபந்தனை இல்லாமல், அடுத்த செமஸ்டர் தொடங்குவதற்குள் கொடுத்துவிடுங்கள். இடையில் வேறு கல்லூரியில் சேர முடியாமல் ஒரு வருடம் வீணானால் அதற்கு யார் பொறுப்பு என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள்.

மற்றவர்கள் அடுத்த மே மாதத்துக்கு முன்பு செய்ய வேண்டியது இது. விளம்பரத்தில் படிப்புக்கு என்ன பெயர் வைத்தாலும், பட்டச் சான்றிதழில் அச்சாகப் போகும் பெயரைப் பக்கத்திலேயே அதே அளவு எழுத்தில் போடுங்கள். எந்தப் பாடத்தை யார் நடத்துகிறார், அவருக்கு என்ன அனுபவம் என்பதை இணையதளத்தில் ஏற்றுங்கள். ‘நியமிக்கப்பட உள்ளார்’ என்று எழுதுவது கணக்கில் சேராது. குறைந்தது எத்தனை பேர் சேர்ந்தால் பிரிவு நடக்கும், நடக்காவிட்டால் பணம் எப்போது திரும்பும் என்பதைச் சேர்க்கைப் படிவத்தில் தமிழிலும் அச்சிடுங்கள், என் அக்கா கையெழுத்துப் போடும் முன் படிக்கிற மாதிரி. பிளேஸ்மென்ட் பற்றிப் பேசினால் வகுப்பில் எத்தனை பேர், எத்தனை பேருக்கு வேலை, என்ன வேலை, என்ன சம்பளம், ஒரு வருடம் கழித்தும் அங்கே இருக்கிறார்களா என்பதைச் சேர்த்துப் பேசுங்கள். இல்லையென்றால் எங்கள் நிறுவனங்களின் பெயரை பிராஸ்பெக்டஸிலிருந்து எடுத்துவிடுங்கள். பல்கலைக்கழகம் நியமித்த குறைதீர்ப்பாளரின் பெயரையும் முகவரியையும் மாணவர் பார்க்கும் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். இப்போது அந்த விவரம் எந்த அறையில் இருக்கிறது என்றே பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம். போனில் கூப்பிட்டு, ‘நம்ம ஊர் ஆளு, நேர்ல வாங்க, பேசிக்கலாம்’ என்று சொல்லவும் வேண்டாம். உங்கள் கல்லூரி இணையதளத்தில், சேர்க்கை விளம்பரம் இருக்கும் அதே பக்கத்தில் போடுங்கள். அடுத்த வருடம் வரப்போகிற பெற்றோர் அங்கேதான் பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
திருப்பூரில் ஒரு மெர்ச்சண்டைசர்,
உங்கள் மாணவி ஒருத்தியின் தாய்மாமன்